கையைக் கட்டிக்கொண்டு சொன்னது

எனக்கு அதிகாரம் பண்ண வராது என்று சொன்னால் எங்கள் ஊர் செலியமேட்டில் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் இரண்டு மாடுகளும் என் வாய்க்குப் பயந்தவர்கள்தான். ஆனால் பூரணாங்குப்பத்தில் ஒரு ஸ்பெயின் நாட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனபோது அந்த வாய் அடைத்துப்போனது.

மகளைப் பார்க்க வந்த இடத்தில் வழுக்கி விழுந்து அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி நடக்கப் பழக வேண்டும். ஸ்பெயினில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்தவர். தானாக நடக்காவிட்டால் அந்த வீட்டை விற்றுவிடுவதாக மகள் சொல்லிவிட்டாள். அம்மா வீட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். போன் மொழிபெயர்க்கும்தான். ஆனால் இரண்டு கையாலும் ஆளைப் பிடித்துக்கொண்டு எந்தக் கையால் போனைத் தட்டுவது? எனவே மகள் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டேன். எழுந்திருங்க, லெவாந்தெஸெ. உட்காருங்க, சியெந்தெஸெ. நடங்க, கமினெ. பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரி ஏதோ மந்திரம் என்று பயந்து தள்ளி உட்கார்ந்தாள்.

வார்த்தைகள் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. என் கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வயதில் பெரியவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுச் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது எங்கள் பக்கம் மரியாதையா? "லெவாந்தெஸெ" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவேன். "கமினெ" என்றால் பாதி பாரம் என் தோளில்தான் இருக்கும். நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மூன்றாவது வாரம் மகள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அக்கா, அம்மா நடக்கல. நீங்கதான் நடக்குறீங்க."

சுருக்கென்றது. கோபமும் வந்தது. வீட்டில் வந்து கொட்டினேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்னாண்ட மட்டும் நின்ன எடத்துலேர்ந்து அதிகாரம் பண்ற. அந்தம்மாகிட்ட இன்னா வந்துச்சி?" என்றார்.

மறுநாள் அம்மாவை வராந்தாவின் ஒரு முனையில் உட்காரவைத்துவிட்டு, மறுமுனையில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்தில் போய் நின்றேன். கையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "லெவாந்தெஸெ."

கம்பூன்றி எழுந்தார். நான் வருவேன் என்று பார்த்தார். நான் போகவில்லை. நான்கடி வைத்ததும் ஆடினார். என் கை தானாக அவிழ்ந்தது, மறுபடி கட்டினேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிடும் அதே குரலில் கத்தினேன்: "கமினெ!"

முறைத்தார். முறைத்துக்கொண்டே நடந்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று மனதுக்குள் எண்ணினேன். நாற்காலிக்கு வந்தே விட்டார்.

நான்தான் கட்டிய கையை அவிழ்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்பால் நாற்காலியைக் காட்டி, "சியெந்தெஸெ" என்றார்.

இத்தனை நாளில் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.