தண்ணீர் தேவைப்படாத கார்

நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுபட்டு, என் கையாலேயே திருத்தி எடுத்த பழைய பீட்டில் கார் அது. கலஹாவில் தங்கை மகளுக்குக் கல்யாணம். அந்தக் காரில்தான் அவளைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போவேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

கல்யாணத்தன்று அவளை ஏற்றிவர நான் தனியாகப் போகும்போது, கலஹா ஏற்றத்தில் என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. என்ஜின் இருக்கும் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் போத்தலில் தண்ணீரோடு இறங்கி வந்தார்.

“இதுக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. காத்துலயே குளிர்ற என்ஜின். தெரியாட்டி சும்மா இருங்க,” என்றேன் எரிச்சலாக.

“காருக்கு இல்லீங்க அண்ணே, நீங்க குடிக்கத்தான். வேர்த்துக் கொட்டுதே,” என்று போத்தலை நீட்டினார்.

கூசிப்போய் வாங்கிக் குடித்தேன். அவர் என்ஜினை எட்டிப் பார்த்து, “அந்தத் துணி அங்கதான் இருக்கணுங்களா?” என்று கேட்டார்.

காலையில் துடைத்துவிட்டு நான் மறந்துபோன துணி, காற்று உள்ளே போகும் வழியை அடைத்துக் கிடந்தது. உருவி எடுத்தேன். சூடு தணிந்ததும் கார் ஒரே தடவையில் கிளம்பியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மணப்பெண்ணை வீட்டில் ஏற்றிக்கொண்டு, நேரத்துக்குத் தேவாலயம் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

“எல்லாம் நீங்களே செஞ்சதா மாமா?” என்றாள் மணப்பெண்.

“ஆமா. ஆனா இன்னைக்கு வழியில ஒரு தங்கச்சிதான் திருத்திக் குடுத்தா,” என்றேன்.

அதைச் சொன்னதால் என் பெருமை குறையவில்லை. இப்போதெல்லாம் காரைப் பற்றி யார் பேச வந்தாலும், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன்.