கண்ணாடிக் கடையில் ஒரு அப்டேட்

என் அக்கா புருஷன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே விளிம்பு தேய்ப்பவன். பெரிய கண்ணாடிப் பலகையில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்று காட்ட, கடைக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் உண்டு. அவருடைய ஒரே மகள் படிக்கும்போது எழுதியது. இப்போது அவள் கடல் கடந்து வேலையில் இருக்கிறாள். தினமும் 'நல்லா இருக்கேன்ப்பா' என்ற மெசேஜோடு சரி.

அந்தப் புரோகிராம் தனியாக ஓடாது. பல புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்த சிஸ்டத்தில் பொதுவாக இருக்கும் லைப்ரரி என்ற கோடுத் தொகுப்பை நம்பித்தான் ஓடும். லைப்ரரியின் புதுப் பதிப்பு வந்தால் உள்ளே இருப்பவை இடம் மாறிவிடும். உப்பு டப்பா இருந்த இடத்தில் சர்க்கரையை வைத்தால், பழகிய கை சர்க்கரையைத்தானே அள்ளும்? புரோகிராம் குழம்பி நின்றுவிடும். மகள்தான் புதுப் பதிப்புக்கு ஏற்றபடி அதை மறுபடி கம்பைல் செய்து தர வேண்டும்.

அங்கிருந்தே அதைச் சரிசெய்து தரும் அன்றைக்கு மட்டும் வேலை முடியும்வரை லைனில் இருப்பாள். அத்தான் கையெல்லாம் கண்ணாடித் தூசி என்பதால் போன் ஸ்பீக்கரில் இருக்கும்.

"மாத்திரை போட்டீங்களாப்பா? குரல் ஏன் கம்மியிருக்கு?"

அப்போது அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தள்ளிப்போடக்கூடிய அப்டேட்டையெல்லாம் இவரே தேடிப்போய் அழுத்துகிறார் என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மனுஷன்!

"ஏன் அத்தான், சும்மா கூப்பிட்டுப் பேசினாத்தான் என்ன?"

"அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்டா. சும்மா எதுக்குத் தொந்தரவு?"

கோபம் வந்தது. திட்ட மனம் வரவில்லை.

போன தடவை மகள் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். முடித்தபோது குரலில் அத்தனை சந்தோஷம்.

"அப்பா, வேண்டிய லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளயே சேர்த்துட்டேன். இனிமே சிஸ்டத்துல எந்த அப்டேட் வந்தாலும் இது நிக்காது. என்னைத் தேட வேண்டியதே இல்ல!"

"ரொம்ப நல்லதும்மா," என்றார் அத்தான்.

அடுத்த அப்டேட் வந்ததும் அழுத்திப் பார்த்தார். புரோகிராம் ஓடியது. அதற்கடுத்ததற்கும் ஓடியது. பெற்ற பிள்ளை கெட்டிக்காரி என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டு அவரே அழைத்தார்.

"என்னப்பா, நின்னு போச்சா?" என்று பதறினாள்.

"இல்லம்மா. நல்லா ஓடுது."

"அப்புறம் என்னப்பா?"

அத்தான் கைத்துணியை மடித்தார், பிரித்தார்.

"அதான்மா... ஓடுதுன்னு சொல்லலாம்னு."

அவள் மெல்லக் கேட்டாள்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"