ஜாக்கியிலே சுழலும், தரையிலே பிடிக்கும்

கிட்ட வந்து உட்காருங்க. பிரேக் பிடிக்காத வண்டியைப் பற்றி ஊரே கதை சொல்லும். பிடித்த பிரேக்கை விடாத வண்டியோடு மல்லுக்கட்டினவனுக்குத்தான் மெக்கானிக் பிழைப்பு என்னவென்று தெரியும். நடுரோட்டில் வண்டி தள்ளித் தோள் காய்த்த உங்களிடம் சொன்னால் விளங்கும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. காசிம் ராவுத்தர் என்ற மீன் முதலாளி பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தார். முன்னால் இரண்டு பேருக்கு இடம், பின்னால் திறந்த தொட்டி. இப்போது பிக்கப் என்கிறீர்களே, அதுதான். ஜெகதாப்பட்டினத்தில் காலையில் ஏற்றுகிற மீன், விளக்கு வைப்பதற்குள் புதுக்கோட்டை அந்திக்கடைக்கு வந்தாக வேண்டும். வந்தால் மீன், வராவிட்டால் தென்னைக்கு உரம்.

உப்புத் தண்ணி

பாதி வழியில் பின்சக்கரம் ரெண்டும் இறுகி, கருகல் வாடை அடித்து, வண்டி நின்றுவிடுகிறது என்று டிரைவர் அந்தோணி வந்து சொன்னான். ஆவூர்க்காரன், வாய் நீளம். சக்கரத்துக்குள்ளே டிரம், டிரம்முக்குள்ளே அதை உரசி நிறுத்துகிற பிரேக் கட்டை. மீன் கூடையில் வடிகிற உப்புத் தண்ணி உள்ளே இறங்கி, துருவேறி ஒட்டிக்கொள்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன். கழற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், பூச்சொரிதல் திருவிழா ராட்டினம் கெட்டது போங்கள்.

மறுநாளே அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அந்தோணி வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, நீங்க கழுவுன கழுவுல டிரம்மு பளபளன்னுதான் இருக்கு. மீனுக்குத்தான் கண்ணு கலங்கிப் போச்சு."

மாடு இழுத்த மோட்டார்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டையைப் பின்னுக்கு இழுக்கிற ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டேன், கட்டையை அரம் வைத்து ராவினேன். ராவுத்தரையே வரவழைத்து, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அவர் கையாலேயே சுற்றச் சொன்னேன். அது நிற்கவே மாட்டேன் என்று சுற்றியது. அவருக்குத் தாடியெல்லாம் சிரிப்பு.

அடுத்த நடையில் வண்டி திரும்பி வந்த கோலத்தைப் பார்க்கணுமே. முன்னால் ஒரு ஜோடிக் காளை, நுகத்தடியில் கட்டின வடம், வடத்துக்குப் பின்னால் நம்ம மோட்டார். கடைவீதியே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ராவுத்தர் கோபப்படக்கூட இல்லை. "மாட்டை வித்துத்தானப்பா மோட்டார் வாங்குனேன். இப்ப மோட்டாரை இழுக்க மாட்டைத் தேடுறேன். இன்னொரு தடவை நின்னுச்சு, இதை எடைக்குப் போட்டுட்டுக் கருவாட்டு யாவாரத்துக்கே போயிருவேன்."

நாடி பார்த்தது

இதைக் கேட்டு என்னைவிடப் பதறியது ராக்காயி அக்கா. ராவுத்தரிடம் பச்சை மீன் எடுத்து அந்திக்கடையில் விற்கிறவள். கருவாடு என்றால் அவளுக்கும் கூட்டாளிப் பெண்களுக்கும் வேலையே இல்லை. மறுநடை மீனுக்குக் காவலாக அவளும் ஏறினாள், வண்டிக்குக் காவலாக நானும் ஏறினேன்.

அறந்தாங்கி தாண்டியதும் கருகல் வாடை. நின்றது. வழக்கம்போலக் கூடையை இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சுற்றினால் சுற்றுகிறது. இறக்கி, கூடையை ஏற்றி, எடுத்தால் கொஞ்ச தூரத்தில் பிடிக்கிறது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பனை நிழலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள் துப்பிவிட்டுச் சொன்னாள்: "தம்பி, அதுக்குச் சொமக்கும்போதுதான நோவு வருது? நீங்க தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நாடி பாக்குறீங்க."

கம்பி

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஜாக்கியை எடுத்தேன். சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு கூடையாக ஏற்றச் சொன்னேன். மீன் தண்ணி மூஞ்சியில் வடிகிறது, துடைக்கத் தோன்றவில்லை. கூடை ஏற ஏற, வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை அமுங்குகிறது. அது அமுங்க அமுங்க, மிதியிலிருந்து போய்ப் பிரேக்கை இழுக்கிற கம்பி விறைக்கிறது. மிதியில் ஒருத்தர் காலும் இல்லை, பாரமே பிரேக்கை மிதிக்கிறது! கட்டை உரசிக்கொண்டே ஓடிச் சூடேறி, பாதி வழியில் இறுகிவிடுகிறது. பாரத்தை இறக்கி வண்டியைத் தூக்கினால் கம்பி தொய்ந்துவிடும். தூக்கிச் சுற்றிப் பார்ப்பதுதான் பட்டறை வழக்கம் என்று, இத்தனை நாளும் நோவு இல்லாத நேரமாகப் பார்த்து வைத்தியம் செய்திருக்கிறேன்.

பாரத்தோடேயே நட்டைத் தளர்த்தி, கம்பிக்குத் தொய்வு கொடுத்தேன். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தான் பாருங்கள், எங்கேயும் பிடிக்கவில்லை. விளக்கு வைக்கும்முன் அந்திக்கடை. ராவுத்தர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், ரத்தச் சிவப்பு. வண்டியை விற்கிற பேச்சை அதோடு விட்டார்.

திரும்பும்போது வண்டி காலியாகத்தான் போகும். ஆனாலும் அந்த வழியே ஊர் திரும்புகிற மீன்காரப் பெண்களை ராவுத்தர் ஏற்றமாட்டார். அவர்கள் மாட்டுவண்டியில் இடிபட்டுக்கொண்டு ஊர் போவார்கள். ராக்காயி அக்கா அவர் முன்னாலேயே என்னிடம், வெறும் வண்டியில் இப்போது பிரேக் எப்படி என்று கேட்டாள். பாரம் இல்லையென்றால் கம்பி இன்னும் தொய்யும், கொஞ்சம் அமுக்கித்தான் மிதிக்கணும் என்று உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான், ராவுத்தர் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா மொதலாளி? வெறும் வண்டியை விட்டா ஆபத்து. பாரத்துக்கு நாங்க உக்காந்துக்கிறோம்."

வண்டி வைத்தியன் என்ற பேர் எனக்கு வந்தது சரிதான். ஆனால் முதலாளி வாயைத் திறப்பதற்குள் காலிக் கூடையைத் தொட்டியில் கவிழ்த்துப் போட்டு, காற்று வருகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது ராக்காயி அக்காதான்.