செம்பட்டைத் தலையும் நான் சொல்லாமல் விட்ட வசனமும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

இதனை வாசிக்கப்போகும் தாங்கள் யாரென்று நான் அறியேன். நான் எட்டாம் வகுப்புடன் பாடசாலையை விட்டவன். தபாற் கந்தோரில் கடிதம் விநியோகிக்கும் வேலையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தேன். எழுதத்தக்க தமிழையும் பேசத்தக்க ஆங்கிலத்தையும் அக்கந்தோரிற் கிடந்த பழைய பத்திரிகைகளிலிருந்தும், முன்னட்டை இழந்த ஓர் அகராதியிலிருந்தும் கற்றுக்கொண்டேன். ஆகவே நடையிற் பிழைகள் இருக்கக்கூடும். விடயத்திற் பிழை இல்லை.

விடயம் தலைமயிரின் நிறம் பற்றியது.

உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் நாளெல்லாம் நிற்கும் வலைகாரருக்கு நுனிமயிர் பழுப்பேறுவது எங்கள் பகுதியில் வழக்கம். அதனை எவரும் பேசுவதில்லை. பிறந்த நாள்முதல் அடியிலிருந்தே செப்புக்கம்பி போல மயிர் வளர்வது வேறு. அதற்குச் செம்பட்டை என்று பெயர். செம்பட்டைத் தலையுடன் ஒரு பிள்ளையைக் கண்டால் எங்கள் சனங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயின் முகத்தைப் பார்ப்பார்கள்.

நான் அவ்வாறு பிறந்தவன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மண்டூருக்கு அப்பாலுள்ள ஒரு வயற்கிராமத்தில் பிறந்தேன். நான் பிறப்பதற்கு முந்திய வருடம் வெள்ளைக்காரர் ஒருவர் காணி அளப்பதற்காகக் குளக்கட்டிற் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தாராம். அவருக்கு என் தாய் பால் விற்றாராம். இவ்வளவே சான்று. பையன்கள் என்னைத் தென்னந்தும்பு விளக்குமாறு என்னும் பொருளில் ‘தும்புத்தடி’ என்றும், பெரியவர்கள் ‘துரை’ என்றும் அழைத்தனர். என் தாய் கையாந்தகரை இலைச் சாற்றை எண்ணெயிற் காய்ச்சி நாள்தோறும் என் தலையிற் தேய்த்தார். பதினாறு வயதளவில் மயிர் கறுத்துவிட்டது. எண்ணெயினாலா வயதினாலா என்பது தெரியாது. என் தகப்பனார் இதுபற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்த மௌனத்தை நம்பிக்கை என்று கொள்வதா என்பதும் எனக்குத் தெரியாது.

எங்கள் மாவட்டத்தில் விவாகமானால் ஆண்மகன் பெண்வீட்டுக்குச் சென்று வாழ்வது வழமை. அவ்வாறே நான் வாவியைக் கடந்து, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட செட்டிபாளையத்துக்கு வந்தேன். வாவியைக் கடந்து வருபவன் தன் சிறுவயதுப் பட்டப்பெயரை அக்கரையில் விட்டுவிட்டு வரலாம். நான் விட்டுவிட்டு வந்தேன். பெற்றோர் காலமாயினர். பின்னர் யுத்தம் வந்தது. அக்கரை ஒருவர் கையிலும் இக்கரை வேறொருவர் கையிலும் இருந்தமையால் போக்குவரத்து அருகிற்று. என் மனைவி இறக்கும்வரை என் தலை எப்போதும் கறுப்பாகவே இருந்ததென்று எண்ணியிருந்தார்.

எனக்கு ஒரே மகள். அவள் விவாகத்தின்போது வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சிறு கொட்டிலில் நான் இருந்தேன். அவளுக்குப் பிறந்த பெண்பிள்ளையின் தலை செப்புக்கம்பியாக இருந்தது.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் மருமகனின் தாயார் வந்தார். அவர் என்னை அண்ணன் என்று அழைப்பவர். பிள்ளையின் தலையிற் சுற்றியிருந்த துணியை விலக்கிச் சற்றுநேரம் பார்த்தார்.

“எங்கட ஆக்கள்ள இப்பிடித் தலை இல்ல. உங்கட பக்கம் ஆருக்கும் இருந்ததா அண்ணன்?”

என் மகள் என்னைப் பார்த்தாள்.

“இல்ல,” என்றேன்.

“அப்ப எங்க இருந்து வந்தது? வானத்தால விழுந்ததா?”

முந்திய வருடம் நகரிலிருந்து, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கித் தச்சர், ஓர் ஓடாவியார் வந்து, வீட்டுக்குக் கதவும் யன்னலும் செய்துகொடுத்திருந்தார். இரண்டு கிழமை எங்கள் முற்றத்தில் இழைப்புளி பிடித்தார். அவருடைய தலைமயிர் கன்னங்கரேலென்று இருந்தது. அதனை எவரும் கருத்திற் கொள்ளவில்லை. பறங்கி என்பதே போதுமானதாயிற்று. வருடம் முடிவதற்குள் மருமகன் தன் உடுப்புகளை ஒரு பையிற் போட்டுக்கொண்டு தன் சகோதரியின் வீட்டுக்குச் சென்றுவிட்டார். மகளுடன் சண்டை பிடிக்கவில்லை. கடலுக்குப் போகும்போது எங்கள் படலையைக் கடந்துதான் போவார். தலையைத் திருப்பமாட்டார்.

நான் ஏன் ‘இல்லை’ என்றேன் என்பதைத் தாங்கள் கேட்பீர்கள். ‘எனக்கு இருந்தது’ என்று சொன்னால், அடுத்த கேள்வி என் தாயைப் பற்றியதாக இருக்கும். இறந்துபோன என் தாயின் பெயரைக் காப்பதற்கு, உயிரோடிருந்த மகளின் பெயரைக் கொடுத்தேன். அக்காலத்தில் இதனை நான் இவ்வளவு தெளிவாக எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அதற்குப் பதிலாகப் பிள்ளையின் தலையை மழிப்பித்தேன். நேர்த்திக்கடன் என்று சொல்லி இரண்டு மாதத்துக்கொரு தடவை மொட்டையடித்தோம். ஒருமுறை காத்தான்குடிக்குச் சென்று, மயிரைக் கறுப்பாக்கும் எண்ணெய் உண்டா என்று ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் மருதோன்றி இட்டுத் தாடியைச் சிவப்பாக்கியிருந்த முதியவர். ஊரில் மிகுந்த மரியாதைக்குரியவர் என்பது அவரைக் கடந்து சென்றோர் சலாம் சொன்ன விதத்திற் தெரிந்தது.

“ஆருக்கு ஐயா?”

“பேத்திக்கு. தலை கொஞ்சம் செம்பட்டை.”

“நம்மட ஊருல காசு குடுத்துச் செவக்க வெக்கிற. நீங்க காசு குடுத்துக் கறுக்க வெக்கப் போறீங்க,” என்று சிரித்தார். “சின்னப் புள்ளட தலைக்கு இதெல்லாம் பூசாதீங்க. அல்லாஹ் குடுத்த நிறம்.”

நான் எண்ணெய் வாங்கவில்லை. மழிப்பதைத் தொடர்ந்தேன்.

பிள்ளைக்கு நான்கு வயதாக இருக்கையிற் கடல் வந்தது. அக்காலையைப் பற்றி எழுதியோர் பலர். நான் எழுதப்போவதில்லை. பிள்ளையை நான் தூக்கினேன். மகள் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். வாவிப் பக்கம் ஓடினோம். ஓடாவியார் செய்த கதவுகள் பின்னர் வாவியில் மிதந்தன. மருமகனின் தோணி இரண்டாக உடைந்தது. எல்லோரும் ஒரு பாடசாலையில் தங்கவைக்கப்பட்டோம். நாங்கள் ஒரு வகுப்பறையில். மருமகனும் தாயாரும் அடுத்ததில்.

முகாமிற் சவரக்கத்தியை நினைப்பார் இல்லை. இரண்டு மாதத்தில் பிள்ளையின் தலை விரலளவு வளர்ந்து, வெயிலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

அப்போது வெளிநாட்டு வைத்தியக் குழுவொன்று வந்தது. அதில் ஒரு தாதி. ஏறத்தாழ நாற்பது வயது. முகமெல்லாம் புள்ளிகள். அவருடைய தலைமயிர் எங்கள் பிள்ளையினதைக் காட்டிலும் சிவப்பு. முகாமில் ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் அன்று நகருக்குச் சென்றிருந்தமையால் என்னை மொழிபெயர்க்கும்படி கேட்டனர். தாய்மாரும் பிள்ளைகளும் மாமர நிழலில் வரிசையாக நின்றனர்.

“அக்காட தலையும் தும்புத்தடி,” என்றது தாதியைக் காட்டி ஒரு சிறுபிள்ளை.

வரிசையில் நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதிற் சொல்வது போல உரக்கச் சொன்னாள்: “என்னகா, அவட ஊருக்கு எந்த ஓடாவி போனானாம்?”

சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு இரண்டுபேர் பின்னால் அவளுடைய மாமியார், தன் மகளின் பிள்ளையுடன் நின்றார்.

எங்கள் முறை வந்தது. தாதியார் பிள்ளையின் தலையைக் கண்டதும் முகம் மாறி, புயத்தைச் சுற்றி ஒரு நாடாவை வைத்து அளந்தார். போஷாக்குக் குறைவினாலும் மயிர் இவ்வாறு நிறம் மாறுமென்று கூறினார். நாடாவைப் பார்த்தார். இமைகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்து, பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை, இது பிறவி நிறம், தன்னைப் போல என்றார். அதனை மொழிபெயர்த்தேன்.

அவர் தொடர்ந்து சொன்னது இது. பாடசாலையிற் தன்னையும் இந்தத் தலைக்காகப் பட்டப்பெயர் சொல்லி அழவைத்தார்கள். தன் தாய்க்கும் தகப்பனுக்கும் இந்த நிறம் இல்லை. தாயின் தகப்பனுக்கு இருந்தது. இது ஒரு தலைமுறை ஒளித்திருந்து மறு தலைமுறையில் வெளிவரும். தாய்வழி தகப்பன்வழி இரண்டிலும் ஒளித்திருக்கும். உங்கள் குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று என்னையே கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியார் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இவவையும் பள்ளிக்கூடத்தில பட்டம் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்,” என்று வரிசைக்குச் சொன்னேன். தாதியாருக்கு, ஒருவருக்கும் இல்லை என்று ஆங்கிலத்திற் சொன்னேன்.

“வெள்ளைக்காரிக்குமா?” என்றார்கள். அது அவர்களுக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

மகள் கேட்டாள்: “அப்பா, அவ நெடுகச் சொன்னாவே. நீங்க கொஞ்சந்தானே சொன்னீங்க?”

“மற்றது மருந்து விசயம்.”

அடுத்த பிள்ளையை அழைத்தேன்.

பாதி மொழிபெயர்ப்புக்கும் பாதிப் பலன் இருந்தது. அன்று முதல் மகள், “இனி இந்தத் தலையில கத்தி வைக்கிறதில்ல,” என்று சொல்லிவிட்டாள். மற்றப் பாதி நடக்கவில்லை. மூன்று மாதத்தின் பின் மருமகன், தோணி இல்லாதபடியால், கட்டார் நாட்டுக்குத் தொழிலுக்குப் போனார். போகும் நாளில் முகாமில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் வகுப்பறை வாசலுக்கு வந்து, நின்று, திரும்பிப் போனார்.

யுத்தம் முற்றாக முடிந்த வருடம், மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டுமென்று மகள் கேட்டாள். அவள் அக்கரையை நன்றாகப் பார்த்ததில்லை. மறுப்பதற்குக் காரணம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. காவலரண்களிற் கூட மறிக்கவில்லை. சனங்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும், ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறினோம். பேத்தி இரட்டைப் பின்னலுடன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிலும் மூத்த ஒரு மூதாட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்னர் என்னைப் பார்த்தார்.

“நீ பால்காரியிட மகன் துரைதானே?”

நான் வாவிப் பக்கம் திரும்பினேன்.

“உன்ட தலையத்தான் இந்தப் புள்ள கொண்டு வந்திருக்கு. அப்பிடியே இருக்கு. இப்ப உன்ட நரைச்சுப் போச்சு.” பிறகு மகளிடம் திரும்பி என்னைச் சுட்டினார். “கொப்பர்ர தலையும் சின்னனில நெருப்புத்தான் புள்ள. அவர்ர தாய் எண்ணெய் வச்சு எண்ணெய் வச்சுக் கை ஓய்ஞ்சு போனா. எங்கட சனம் அவவப் பேசின பேச்சு.”

“நீங்களும் பேசினீங்களா?” என்று மகள் கேட்டாள்.

“பேசினதான். எல்லாரும் பேசினம். அவவின்ட தமையன்ட பேரனுக்கும் இதே தலை. அதக் கண்ட மறுகாதான் வாய மூடினம்.”

இதனை நான் அறிந்திருக்கவில்லை. என் தாயின் பெயர் அக்கரையில் எப்போதோ தெளிந்துவிட்டது. நான் இக்கரையில் இருந்து அதனைக் காத்துக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்குச் சென்று வழிபட்டோம். திரும்பும்போது, மிதவையின் நடுவில் நின்று, வாவியைப் பார்த்தபடி மகள் கேட்டாள்.

“அண்டைக்கு அந்தத் தாதி சொன்னது இதுதானே?”

“ஓம்.”

“மருந்து விசயம் இல்ல.”

“இல்ல.”

பேத்தி தண்ணீரிற் கடலைத் தோல் போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கும் நேரத்தில் மகள் சொன்னாள்: “நாளைக்கு மாமிட வாசலுக்குப் போய் நீங்களே சொல்லுங்க அப்பா. நான் வரமாட்டன்.”

மறுநாட் காலை சென்றேன். சம்பந்தியார் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கதிரை தந்தார், நான் நின்றபடியே சொன்னேன். என் தலை, என் தாய், தாதியார் சொன்ன வசனம், நான் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை. செதிலைச் சுரண்டி முடித்துவிட்டே தலையை நிமிர்த்தினார்.

“நான் உங்களிட்டத்தானே முதல்ல கேட்டன் அண்ணன்.”

“ஓம்.”

“இப்ப சொல்றீங்க.”

மீனைச் சட்டியிற் போட்டுவிட்டு, “வாயால சொன்னா அவன் நம்பமாட்டான். தாய் மனம் இரங்கிச் சொல்றா எண்டு நினைப்பான். எழுதித் தாங்க. உங்கட கையால,” என்றார்.

அவ்வாறு எழுதியதே இது. ஒரு பிரதி கட்டாருக்குச் சென்றது. இரண்டு மாதம் பதில் இல்லை. பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை மருமகன் தொலைபேசியில் எடுத்து, மகளை அல்ல, பிள்ளையைக் கேட்டார். என்ன பேசினார் என்று பின்னர் பேத்தியிடம் விசாரித்தேன்.

“இன்னும் செம்பட்டைதானா எண்டு கேட்டார் அம்மப்பா.”

“நீ என்ன சொன்ன?”

“ஓம், கூடிட்டு எண்டு சொன்னன்.”

மகளிடமும் பேசினாரா என்று நான் கேட்கவில்லை. அது அவளுடைய விடயம். அவள் என்னுடன் தேவையானதைப் பேசுகிறாள், சோறு போடுகிறாள், அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு நியாயம் இல்லை.

பேத்திக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடங்களில் விவாகப் பேச்சு வரும். அவளுக்கும் பிள்ளை பிறக்கும். அதன் தலை எந்த நிறமாயிருக்குமென்று எவரும் அறியார். அன்று பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன். பின்னர் நடந்ததையும் சேர்த்து எழுதிய இரண்டாவது பிரதியை எங்கள் ஊர் வாசிகசாலையிற் கொடுத்துள்ளேன். ஐயா அல்லது அம்மா, அது தங்கள் கைக்கு வந்திருந்தால், தயவுசெய்து அதனை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.