என் சிறுநீரகம் எழுதிய பரீட்சை

ஐந்து லீட்டர் வெள்ளைக் கேன் ஒன்றை மடியில் அணைத்துக்கொண்டு மாத்தளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போன காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முந்தின நாள் காலையிலிருந்து அன்று காலைவரை நான் கழித்த சிறுநீர் முழுவதும், ஒரு சொட்டுச் சிந்தாமல், அதற்குள் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் கேனையே நெடுநேரம் பார்த்துவிட்டு, தேனா என்று சிங்களத்தில் கேட்டார். அலுவிகாரைப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்கு மரம் மரமாகக் காட்டிப் பிழைப்பவன் நான். எதையும் விற்றுப் பழகிய வாய். சுத்தமான சரக்குதான், ஆனால் ஏற்கெனவே ஒரு டொக்டரம்மா கேட்டுவைத்திருக்கிறார் என்றேன். அவர் ஏமாற்றத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்தான் அப்படிப் பேசியது. கை கேனின் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் இருந்த அந்த டொக்டரம்மாவைத்தான் இங்கே நினைத்துப் பார்க்கிறேன். இரத்தோட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயலிசிஸ் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் இரத்த வகை பொருந்தியது எனக்கு மட்டும்தான். நான் கொடுக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டேன். தட்டிய கை கீழே இறங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. டொக்டரம்மாவுக்கு என் மகள் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். மிளகு வாங்க வரும் வியாபாரி ஒரு பிடி அள்ளி, நசுக்கி, மோந்து பார்ப்பாரே, அதே நிதானத்தோடு என்னை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார். இரத்தம், சிறுநீர், பிரஷர், ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொடுத்தார். உள்ளே இருக்கிறதைத் திறக்காமலே தரம் பார்க்கணும், அதனாலதான் இத்தனை பரீட்சை என்பார்.

நான் செய்த கூத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் தோட்டத்தின் மூலையில் ஒரு காமரங்கா மரம் உண்டு. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி விழும் அந்தப் புளிப்புப் பழம். அதன் சாறு சிறுநீரகத்தைக் கழுவிப் பளபளப்பாக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது என் வழக்கம். பரீட்சைக்கு முந்தின வாரம் முழுவதும் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு பெரிய கிளாஸ் குடித்தேன். காலையில் பாஸாக வேண்டும் என்று சாறு. சாயந்திரமானால் மாரியம்மனிடம் போய், அம்மா, ஒரு சின்னக் கல்லாவது இருக்கட்டும், பெயிலாக்கிவிடு என்று வேண்டுதல். அம்மனுக்கே எதைக் கேட்பது என்று குழப்பமாக இருந்திருக்கும்.

கேன் கொடுத்த அடுத்த வாரம் டொக்டரம்மா என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். அக்காவை வெளியே இருக்கச் சொன்னார். யாராவது வற்புறுத்துகிறார்களா, பயமாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். பயமா, எனக்கா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"விருப்பமில்லன்னா இப்பவே சொல்லுங்க. உங்க கிட்னி பொருந்தலன்னு மட்டும் வெளியில சொல்லுவேன். ஏன்னு யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும்தான்."

சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார். இரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின், முன்பு நன்றாக இருந்தது, இப்போது ஏறிக் கிடந்தது. எப்படியும் இந்த நிலையில் எடுக்க முடியாது, காரணம் தெரியாவிட்டால் உங்களை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். கதவு இவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து போனால் போதும். நெஞ்சைத் தட்டியவன் என்ற பேரும் மிச்சம், வயிறும் மிச்சம். உடம்பு சரியாக இல்லையே, பாவம் என்று ஊரே என்னைத் தேற்றும்.

எழுந்தும் விட்டேன். பாதி திறந்த கதவு வழியாக அக்கா தெரிந்தாள். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிவைத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருந்தாள். யாரோ அங்கே உட்காரப் போக, தம்பி வருது என்று கையைக் காட்டினாள். நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

காமரங்கா விஷயத்தைச் சொன்னதும் டொக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார். வெறும் வயிற்றிலா, எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதைக் குடித்து வார்டில் வந்து படுத்தவர்கள் இருக்கிறார்கள், நல்ல கிட்னியைக்கூடக் கெடுத்துவிடும் என்று ஏசினார். கடைசியில், இதை யார் உங்களுக்குச் சொன்னது என்றார்.

"நான்தான் டொக்டர். எல்லாருக்கும் நான்தான் சொல்றது."

அப்போதுதான் அவர் சிரிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு, சாற்றை நிறுத்தினால் கிரியேட்டினின் தானாகவே இறங்கும், ஆறு வாரம் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கலாம், அதுவரை சோறும் தண்ணியும் தவிர உங்கள் வைத்தியம் எதுவும் வேண்டாம் என்றார். என் புத்திசாலித்தனத்தால் அக்கா இன்னும் ஆறு வாரம் மெஷினில் கிடக்க வேண்டும். வெளியே வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேண்டுதல் உட்பட. ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஐஸை மெல்ல விழுங்கிவிட்டு, சீனி போட்டுக் குடிச்சியா, சும்மாவா என்று மட்டும் கேட்டாள்.

ஆறு வாரத்தில் எண்கள் இறங்கின. ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தனித்தனியாகக் காட்டும் ஸ்கேன் எடுத்தார்கள். வலது கொஞ்சம் கூட, இடது கொஞ்சம் குறைவு. கூட வேலை செய்வது கொடுக்கிறவருக்கே இருக்க வேண்டும், அதுதான் முறை என்று டொக்டரம்மா அக்காவுக்கு விளங்கப்படுத்தினார். வாழ்நாளெல்லாம் கராம்பு தரம் பிரித்த அக்கா கண்ணை இடுக்கிக் கேட்டாள்: "அப்ப எனக்கு ரெண்டாந்தரமா?" இரண்டுமே முதல் தரம்தான், உங்கள் தம்பிதான் ரெண்டாந்தரம் என்றார் டொக்டரம்மா. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதும் எனக்குக் கால் நடுங்கியது. அவர் கூடவே நடந்து வந்தார். குளிருதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நடுக்கத்துக்கு அதைக் காரணமாக வைத்துக்கொள்ள என்னை விட்டுவிட்டார்.

டொக்டரம்மா இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா மூன்று வருஷமாக மெஷின் பக்கம் போகவில்லை. வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து நான் தினமும் போன் எடுப்பேன், என் கிட்னி எப்படி இருக்கு என்று கேட்பேன். அந்தப் பக்கம் முதலில் ஒரு முழு டம்ளர் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்கும். பிறகுதான் பதில் வரும்.

"எங்கிட்ட இருக்கிறது நல்லாத்தான் இருக்கு. உங்கிட்ட ஒண்ணு விட்டு வச்சிருக்கேன், அதைப் பார்த்துக்க."