கே-9: ஒரு பித்தளைப் பென்சிலின் பூர்வீகம் தேடி மட்டாஞ்சேரிக்கு

1984 ஏப்ரலில் இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கொச்சிக்குப் போனேன். காரணம் ஒரு பென்சில். அப்போது கோயம்புத்தூரில் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பழைய மெக்கானிக்கல் பென்சில்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சீவ வேண்டாத பென்சில்கள் அவை. தலையை அழுத்தினாலோ திருகினாலோ லெட் வெளியே வரும்.

மூன்று வருடம் முன்பு, உடன் வேலை பார்த்தவரின் கல்யாணத்துக்காக மட்டாஞ்சேரி போயிருந்தபோது, ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு பித்தளைப் பென்சில்கள் கிடைத்தன. ஆறு பட்டை, நல்ல கனம். கம்பெனிப் பெயர் இல்லை. கொண்டையில் மட்டும் ஒன்றில் ‘K-4’, மற்றதில் ‘K-9’ என்று பொறித்திருந்தது. கடைசல் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் ஜெர்மனிச் சரக்கு, யுத்தத்துக்கு முந்தையது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பம்பாயில் இருந்த தேஷ்பாண்டே என்ற சேகரிப்பாளருக்கும் அப்படியே எழுதி, K-4ஐ அவருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு வெள்ளிப் பென்சில் வாங்கிக்கொண்டேன்.

எங்களைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேருக்காக தேஷ்பாண்டே ஒரு சைக்ளோஸ்டைல் சுற்றிதழ் நடத்திவந்தார். “அடுத்த இதழில் K-4 பற்றி எழுதப்போகிறேன். தயாரிப்பாளர் பற்றிய ஆதாரத்தை அனுப்புங்கள்” என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. என்னிடம் ஏது ஆதாரம்? வாங்கின கடையில் விசாரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

காலை ஆறரைக்கு ரயில். சுமார் இருநூறு கிலோமீட்டர், இரண்டாம் வகுப்புக்குப் பத்தொன்பது ரூபாய். எர்ணாகுளத்தில் இறங்கும்போது மணி பதினொன்றே கால். படகு ஜெட்டிக்கு ஆட்டோ பிடித்து, பன்னிரண்டு மணிப் போட்டில் ஏறினேன். அறுபது பைசா டிக்கெட். வெலிங்டன் தீவில் ஆட்களை இறக்கிவிட்டு, பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மட்டாஞ்சேரி. ஜெட்டியிலேயே சுக்கு வாடை மூக்கில் ஏறியது. மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் பஜாரில் நடக்க முடியும். கடை மதியம் பூட்டியிருந்தது (மட்டாஞ்சேரியில் மதியம் எதையும் நம்பிப் போகாதீர்கள்). மீன்கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் அறை எடுத்தேன்.

மூன்றரைக்குக் கடை திறந்தது. கடைக்காரர் ஹம்சாவுக்கு என்னை நினைவில்லை, பென்சிலைக் கண்டதும் தெரிந்துவிட்டது.

“இது கிட்டு சாரோட வீட்டுல இருந்நு வந்ந சாதனமல்லே! சார் போர்ட்ல டாலி கிளார்க்கு. உங்க ஆளுதான், தமிழு. பாலஸ் ரோட்ல யாரைக் கேட்டாலும் மதி, வீட்டைக் காட்டும்.”

டாலி கிளார்க் என்றால் கப்பலில் ஏறி இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவர். ஜெர்மன் கப்பலில் வந்தவன் எவனாவது கொடுத்திருப்பான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆதாரம் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பாலஸ் ரோட்டில் விசாரித்து அவர் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தேன். கிட்டு சார் ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், பாலக்காட்டுத் தமிழ். சட்டைப் பையில் என்னுடையதைப் போலவே ஒரு பித்தளைப் பென்சில் செருகியிருந்தது.

“வாங்கோ, உக்காருங்கோ. அடடே, இது என்னோடதாக்கும்! வீடு மாறறச்சே ஆத்துக்காரி ஒரு பெட்டியைத் தூக்கி ஹம்சாவுக்குப் போட்டுட்டா. அதுல போயிருக்கும்.”

“ஜெர்மன் கப்பல்லேர்ந்து கிடைச்சதுங்களா?”

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

“ஜெர்மனியா! நன்னாருக்கு போங்கோ. ஏலூர்ல ஆறுமுகம்னு ஒரு டர்னர். அவன் கடைஞ்சு தந்தது. கப்பல் அடித்தட்டுல வேர்வையில நனைஞ்சு மரப் பென்சில் உரிஞ்சு போயிடும். போட்ல வரச்சே ஒரு நாள் அவன்கிட்ட சொன்னேன், அவ்வளவுதான். எழுபத்தஞ்சு, எழுபத்தாறுல இருக்கும். இந்த வாரம் அவனுக்கு ரெண்டாவது ஷிஃப்ட். கார்த்தால போனா வீட்டுல பிடிக்கலாம்.”

விலாசம் எழுதிக் கொடுத்தார். சாயா வந்தது. குடித்தேன், ருசி தெரியவில்லை. பம்பாய்க்கு என்ன எழுதுவது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு பத்துக்குப் போட்டு. எட்டு மணிக்கு ஜெட்டி ஸ்டாண்டில் ஏலூர் பஸ். களமசேரி வழியாக ஒரு மணி நேரம், ஒன்றரை ரூபாய். ஏலூர் வருமுன்பே காற்றில் உர ஆலையின் அமோனியா நெடி வந்துவிடும். ஆலைச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் மூன்றாவது ஆறுமுகத்தினுடையது. நாற்பத்தைந்து வயது, லுங்கி கட்டி, வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கிட்டு சார் பெயரைச் சொல்லிப் பென்சிலை நீட்டினேன்.

“கே ஒன்பதுங்க. கே-ன்னா கிட்டு சார். ஒன்பதுன்னா ஒன்பதாவது. மொதல் மூணும் சரியா வரலீங்க, அதுக்கு நம்பரே போடல. ஆமா, பேச்சு நம்மூராட்டம் இருக்குதே?”

“கோயமுத்தூருங்க.”

“பீளமேட்டுலதானுங்க நான் லேத் பழகினது!” என்றார். என் கம்பெனியும் பீளமேட்டில்தான்.

மூன்று வருடமாக அந்தப் பென்சிலைத் திறக்கப் பார்த்திருக்கிறேன். மரை அசையாது; கீறல் விழுமே என்று பயந்து விட்டுவிடுவேன். ஆறுமுகம் எதிர்ப்பக்கமாக ஒரு திருகு திருகினார், கையோடு வந்துவிட்டது. இடது மரை!

“கப்பல்ல ஆளாளுக்குத் திறந்து பார்த்து ஸ்பிரிங்கைத் தொலைச்சுப்போடுவாங்க. அதுக்குத்தான்.”

உள்ளே இருந்தது சாதாரண பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங். யுத்தத்துக்கு முந்தைய ஜெர்மனிச் சரக்கு! ஃபோர்மேனிடம் கேட்டுத் துண்டுக் கம்பி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கடைந்ததாம். ஒன்றுக்கு நான்கு நாள் பிடித்ததாம். நான் பேனாவும் நோட்டும் எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பென்சிலின் பாகங்களை வரைந்தும்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மென்று விழுங்கி, இதன் ஜோடியைப் பம்பாய்க்காரருக்கு என்னவென்று சொல்லிக் கொடுத்தேன் என்று ஆறுமுகத்திடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பென்சிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜெர்மனின்னு நம்பிட்டாருங்களா?”

“நம்பிட்டாருங்க.”

“இப்ப எழுதறப்ப எம் பேரைப் போடுவீங்களா?”

போடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, திரும்பும் ரயிலில் மனது ஆயிரம் கணக்குப் போட்டது. ‘விசாரித்தேன், ஆதாரம் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் வெள்ளிப் பென்சில் என்னிடமே இருக்கும். அதைப் போல இன்னொன்று எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆறுமுகம் அந்தச் சுற்றிதழைப் பார்க்கவா போகிறார்? பாலக்காடு தாண்டும்வரை இந்த யோசனைதான். ஆனால் பேரைப் போடுவீங்களா என்று கேட்டபோது இருந்த அவர் முகத்தை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முழுதும் எழுதி, வரைந்த படத்தோடு தபாலில் போட்டேன்.

பத்து நாளில் K-4 பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. கூடவே இரண்டே வரி: வெள்ளிப் பென்சிலை அனுப்பவும், உங்கள் குறிப்பை அப்படியே வெளியிடுகிறேன். அனுப்பினேன். அவர் சொன்னபடியே வெளியிட்டார். அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதியதில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, தப்பு என்னுடையது.

பென்சில் தேடி மட்டாஞ்சேரி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. படகு நேரம், கட்டணம் எல்லாம் இப்போது மாறிவிட்டது, ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். யூதத் தெருவின் பெரிய கடைகளில் விலை அதிகம். பஜாரின் சந்துகளில், மூன்று மணிக்கு மேல் பாருங்கள். பெயர் பொறிக்காத பென்சில் கிடைத்தால் ஐரோப்பாவுக்குப் போவதற்கு முன்னால் விற்றவரிடம் யார் வீட்டுச் சாமான் என்று கேளுங்கள். நான் முதல் நாளே கேட்டிருந்தால் ஹம்சா அன்றைக்கே சொல்லியிருப்பார்.

சுற்றிதழின் ஒரு பிரதியை ஏலூருக்கு, ஆறுமுகத்துக்கு அனுப்பியிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அவர் மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து ஆறுமுகத்திடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நன்றி, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“லெட்டைப் பிடிக்கிற தாடை மூன்று கீற்று என்று படத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் வைத்தது நான்கு. மூன்று வைத்தால் லெட் ஆடும். திருத்தவும்.”