உப்பு மூட்டையை இறக்கியவர்

"அந்தோணிராஜ் சாரை இன்னிக்கு சாயந்திரம் அடக்கம் பண்றாங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" நேற்று மரக்காணம் பஸ் கண்டக்டர் இப்படிக் கேட்டபோது நான் திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் எனக்குச் சொல்லியனுப்பவில்லை. அவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இல்லை. அதே பஸ்ஸில் ஏறினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மரக்காணத்து உப்பளங்களை அளப்பதற்காக எங்கள் துறை கால்வாயில் ஒரு படகு விட்டிருந்தது. அதிலிருந்த ஒரே அறையில் நானும் அவரும் தங்கினோம். நான் அளப்பேன், அவர் வரைபடம் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கிப் போனால், படகில் குடியிருக்கும் ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் சட்டைகளிலோ பூசணம் பிடித்த கரும்புள்ளிகள்.

"ஏம்பா மூர்த்தி, இது சட்டையா, ஊசிப்போன ரொட்டியா?" என்பார்.

துணியை எதில் துவைத்தாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும் அவருக்கு. "உப்பு இருக்கிற துணி காயாதுப்பா. காஞ்ச மாதிரி நடிக்கும்." காலையில் பெருமுக்கல் பக்கத்து நிலக்காற்று வீசும்போதே உலர்த்தி, கடல்காற்று திரும்புவதற்குள் மடித்துவிடுவார். மெத்தைகளை நிமிர்த்திச் சாத்துவார். காற்றுப் போக அலமாரிக் கதவில் துளைகள் போட்டார். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக விளக்கம் கேட்டார்கள். "அலமாரிக்கு மூச்சு முட்டியது" என்று எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவு செய்தும், மழைக்காலத்தில் அறையெங்கும் பூசணம் பிடித்தது. எனக்கு மூச்சிழுப்பு வந்தது. அப்போது நான் தற்காலிக ஊழியன். படகை விட்டு இறங்கினால் வேலை இல்லை. என் இடத்துக்குத் தம் மைத்துனரைத் தயாராக வைத்திருந்த மேலதிகாரி, "இழுப்புக்காரனுக்குப் படகு எதற்கு?" என்று கேட்டார். அவர் பெயரை எழுதி இந்தக் கட்டுரையைக் கெடுக்க மாட்டேன்.

மறுநாள் அந்தோணிராஜ் அறையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார். கடைசியில் என் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஓர் உப்பு மூட்டை. புதுப் படகு தண்ணீரில் இறங்கும்போது, அந்த ஆண்டின் முதல் உப்பில் ஒரு மூட்டையை உள்ளே வைப்பது அந்தக் கரையின் வழக்கம். உப்பள முதலாளி தம் கையாலேயே வைத்தது. மங்கலப் பொருள் என்பதால் நாங்கள் அதைப் பெருக்கித் தள்ளும் சாமான்களோடு சேர்த்து நினைத்ததே இல்லை. மூட்டை ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துகொண்டிருந்தது. அடிப்பலகை கறுத்துக் கிடந்தது.

நேரே முதலாளியிடம் போனார். நானும் உடன் போனேன்.

"ஐயா, உங்க உப்பு ஊரையே வாழவைக்குது. இவனை மட்டும் மூச்சுவிட உடமாட்டேங்குது."

"அத எடுத்தா படகுக்கு ஆவாதுப்பா."

"வீசிடலீங்க. உங்க பாத்தியிலயே கொட்டிடறேன். பொண்ணு தாய்வீட்டுக்கு வர்ற மாதிரி. வேணாம்னு சொல்லுவீங்களா?"

முதலாளி சிரித்துவிட்டார். "ஒரு கைப்பிடி மட்டும் துணியில முடிஞ்சி, படகுக்கு வெளியில கட்டிடு."

மூட்டையை இறக்கினோம். பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடித்தார். மெல்ல மெல்ல என் நெஞ்சு லேசானது. வேலை நிலைத்தது.

மைத்துனருக்கு இடமில்லாமல் போன கோபத்தை மேலதிகாரி அந்தோணிராஜ்மேல் காட்டினார். ஊர் வழக்கத்தை அவமதித்தார் என்று குற்றம் சொல்லி, வானூர் அலுவலகத்துக்கு மாற்றினார். முதலாளிக்கே இல்லாத வருத்தம் அதிகாரிக்கு. நான் ஆட்சேபம் எழுதினேன். பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அந்தோணிராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "உடுப்பா. வானூர்ல துணிக்குப் பூசணம் புடிக்காது, ஃபைலுக்குத்தான் புடிக்கும்" என்று சொல்லி இறங்கிப் போனார். அந்த அதிகாரியை நான் மன்னிக்கவில்லை. அந்தோணிராஜோ ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை மணலில் பெட்டியைச் சுமந்து போனோம். வழியில் அவர் தம்பி என் பக்கம் வந்து, "உங்களுக்கு இழுப்பு உண்டுன்னு அண்ணன் சொல்லுவாரு. தோள் மாத்திக்கலாங்க" என்றார்.

"வேணாம்பா" என்றேன். மூச்சு சீராகத்தான் வந்தது. குழி வரைக்கும் நானே சுமந்தேன்.

போய் வாருங்கள், அந்தோணிராஜ்.